கிருமிநாசினிக் கால்மிதி: குளத்தோரம் கோழி வளர்ப்பவர்கள் வாங்கலாமா?

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அந்த மூன்றும் கூடவே வந்த கிருமிநாசினிப் பொடிக்குத்தான், கால்மிதிக்கு இல்லை.

எங்கள் நாட்டுக்கோழிக் கொட்டகை நாங்குநேரி பக்கம், ஒரு குளத்துக் கரையை ஒட்டி இருக்கிறது. கோழிகளோடு கொஞ்சம் வாத்தும் உண்டு. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருகிற பறவைகள் இரை தேடி எங்கள் குளத்துக்கும் வரும். மார்கழி வாக்கில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் தண்ணீரில் நிறைந்திருக்கும். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து கரைப் புல்லில் மேயும். 2024 ஏப்ரலில் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் எடத்துவா, செறுதனை பக்கம் வாத்துகளுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. கேரள எல்லையில் புளியரை சோதனைச்சாவடியில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடித்தார்கள், சரி. என் கொட்டகை வாசலில் யார் அடிப்பது? அந்த யோசனையில் ஆன்லைனில் வாங்கியதுதான் இது.

பொருள் என்னவென்றால், இரண்டடிக்கு மூன்றடியில் ஒரு பஞ்சு மெத்தை, அடியில் தண்ணீர் கசியாத ரெக்சின், மேலே ஓட்டை ஓட்டையாக வலைத் துணி, பக்கத்தில் ஜிப். பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டால் பஞ்சு குடித்துக்கொள்ளும். உள்ளே வருகிறவர்கள் மிதித்துவிட்டு வர வேண்டும். கோழி எடுக்க வருகிற அண்ணாச்சி முதல் நாளே, "என்னம்மா, கோயிலுக்குள்ள போற மாதிரி காலை நனைக்கச் சொல்லுதிய" என்று சிரித்தார். ஆனாலும் நனைத்துக்கொண்டுதான் வந்தார்.

சிரிக்கிற விஷயம் இல்லை இது. காட்டு வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வைரஸ் பெரும்பாலும் குடலில்தான் பெருகுகிறது. சளி, தும்மல் எதுவும் இல்லாமல் நன்றாக நீந்திக்கொண்டிருக்கிற வாத்தின் எச்சத்தில் அது வெளியேறும். எச்சம் குளத்தில் விழும், அந்தத் தண்ணீரை அடுத்த பறவை குடிக்கும். 22 டிகிரி வெப்பத்தில் குளத்துத் தண்ணீரில் நான்கு நாள் வரை வைரஸ் உயிர்ப்போடு இருந்ததாக 1970களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உறைநிலைத் தண்ணீரில் ஒரு மாதத்துக்கும் மேல். எங்கள் ஊர் வெயில் அந்த விஷயத்தில் நமக்கு உதவிதான். ஆனால் கரைச் சேற்றை மிதித்துவிட்டு அப்படியே கொட்டகைக்குள் நடந்தால், நாலு நாள் எதற்கு, நாலு நிமிடம் போதும்.

இங்கேதான் கால்மிதி காலை வாருகிறது. எங்கள் கரை களிமண். செருப்பில் அப்பிய சேற்றோடு மிதித்தால் மருந்து சேற்றைத் தாண்டி உள்ளே போகாது. மண், எச்சம், வைக்கோல் சேரச் சேர மருந்தின் வீரியமும் போய்விடும். முதலில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், அப்புறம் மருந்து சில நிமிடமாவது ஈரமாக நிற்க வேண்டும். விளம்பரத்தில் ஒருவர் ஷூவோடு ஒரே எட்டு வைத்துத் தாண்டிப் போகிறாரே, அது போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். போதாததற்கு, காலையில் ஊற்றியது உச்சி வெயிலுக்குள் காய்ந்து மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது. நிழலில் போட்டால் கொஞ்சம் தாங்கும். ஜிப் சீக்கிரமே பல்லிளித்துவிட்டது, இப்போது சணல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.

பொடி அப்படி இல்லை, நல்ல சரக்கு. பொட்டாசியம் பெராக்ஸிமோனோசல்பேட் வகை. லிட்டருக்குப் பத்து கிராம் போட்டால் ரோஸ் நிறத்தில் கரைகிறது. நிறம் வெளுத்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும் என்பதால் படிக்காத ஆளிடமும் பொறுப்பை விடலாம். பிளீச்சிங் பவுடர் மாதிரி மூக்கை அரிக்காது. தண்ணீர்த் தொட்டி, தீவனத் தட்டு, முட்டை அட்டை வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி, அண்ணாச்சியின் கூடை என்று எல்லாவற்றுக்கும் அடிக்கிறேன். தகரத் தட்டில் மட்டும் ஊறவிடாதீர்கள், அரித்துவிடும். இன்னொன்று, இந்த வைரஸ் கொழுப்பு உறை போர்த்தியது. சாதாரண சோப்புத் தண்ணீருக்கே அந்த உறை கரைந்துவிடும். ஆகவே பொடி தீர்ந்த நாளில் துணி சோப்பைக் கரைத்துத் தேய்த்துக் கழுவினால்கூடப் பாதி வேலை முடிந்த மாதிரி.

கால்மிதிக்குப் பதில் நான் இப்போது செய்வது: வாசலுக்குக் குறுக்கே ஒரு மரப் பெஞ்சு. வெளிச் செருப்பை இந்தப் பக்கம் கழற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து காலை அந்தப் பக்கம் போட்டு, உள்ளே மட்டும் போடுகிற ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்வது. சந்தையில் வாங்கிய மலிவுச் செருப்புதான். கால்மிதி விலைக்கு வீட்டில் எல்லோருக்கும் வாங்கி, மிச்சத்தில் கோழிகள் உலாவுகிற இடத்துக்கு மேலே கட்ட மீன் வலையும் வாங்கலாம். வாத்துகளைக் குளத்தில் விடுவதையும் நிறுத்திவிட்டேன். மதினிக்கு அதில் வருத்தம், வாத்துகளுக்கு அதைவிட வருத்தம். ஆனால் அவை காட்டு வாத்துகளோடு மேய்ந்துவிட்டு வந்து கோழிகளோடு அடைந்தால் வாசலில் எத்தனை மெத்தை விரித்தும் பயன் இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் குளத்தில் வெடி போட்டுப் பறவைகளை விரட்டக் கிளம்பிவிடாதீர்கள். கூந்தன்குளம் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர். காட்டு வாத்துகளிடம் வழக்கமாக இருப்பது வீரியம் குறைந்த வகைகள். எச்5, எச்7 வகைகள் கோழிப் பண்ணைக்குள் புகுந்து பெருகும்போதுதான் கொல்லும் வகையாக மாறுகின்றன. இன்றைய எச்5என்1 வம்சத்தை முதலில் கண்டது 1996இல், சீனாவின் குவாங்டாங்கில், பண்ணையில் வளர்த்த வாத்தினப் பறவையிடம். 2005இல் அதே சீனாவின் சிங்ஹாய் ஏரியில் ஆயிரக்கணக்கில் காட்டுப் பறவைகள் செத்தன, அதில் நம் ஊருக்கு வருகிற வரித்தலை வாத்து இனம்தான் அதிகம் அடிபட்டது. லாரி, கூண்டு, முட்டை அட்டை வழியாகவும் இது ஊர் ஊராகப் போகும்.

கொத்தாகக் கோழி செத்தால் எந்தப் பொடியையும் நம்பி உட்காராமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள். செத்ததை வெறுங்கையால் தொட வேண்டாம். செத்த கோழியின் மாதிரி போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வகம் வரை போய்த்தான் நோய் உறுதியாகும்.

சிமெண்ட் தரை, கூரை, வாசலில் குழாய் எல்லாம் உள்ள பெரிய பண்ணைக்காரர்கள் கால்மிதியை வாங்கலாம். மண் தரைக்காரர்கள் பொடியை மட்டும் தனியாக வாங்குங்கள், ஒரு கிலோ டப்பாவாகவே கிடைக்கிறது. ஈரக் கையை உள்ளே விடாமல் மூடியை இறுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் கட்டிப் போய்விடும்.