பழைய கணினி விளையாட்டுகளை விண்டோஸ் 11இல் இயக்க எந்த வழி சிறந்தது?

பழைய விளையாட்டு ஒன்று திறக்க மறுத்தால், கோப்பை வலச்சொடுக்கி, இணக்கப் பயன்முறையில் ‘விண்டோஸ் 95’ அல்லது ‘விண்டோஸ் எக்ஸ்பி’ என்று மாற்றிப் பார்ப்பதே பெரும்பாலோரின் முதல் முயற்சி. அந்த வசதி பழைய விண்டோஸைக் கொண்டுவந்து தருவதில்லை. விளையாட்டு கேட்கும் சில கேள்விகளுக்குப் பழைய பதிப்பு சொல்லியிருக்கக்கூடிய பதிலைச் சொல்வதோடு அதன் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. விண்டோஸின் பதிப்பு எண்ணைப் பார்த்தே நின்றுவிடும் 32 பிட் விளையாட்டுகளுக்கு அது போதும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

இதற்குக் காரணம் செயலியின் அமைப்பிலேயே இருக்கிறது. 64 பிட் இயங்குதளம் ஓடும்போது, டாஸ் நிரல்களுக்குத் தேவையான, பழைய 16 பிட் 8086 செயலியைப் போல நடந்துகொள்ளும் மெய்நிகர் 8086 முறை செயலியில் கிடைப்பதில்லை. அதை நம்பி 16 பிட் நிரல்களை ஓட்டிவந்த என்டிவிடிஎம் என்ற பகுதி 32 பிட் விண்டோஸில் மட்டுமே இருந்தது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு கிடைத்தது, விண்டோஸ் 11இல் அதுவும் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் வந்த சில விளையாட்டுகள் 32 பிட்டாக இருந்தும் அவற்றை நிறுவும் நிரல் மட்டும் 16 பிட்டாக இருப்பதுண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பழைய கணினி ஒன்றில் நிறுவி, கோப்புறையை அப்படியே நகலெடுத்துக் கொண்டுவந்தால் அவற்றில் பல ஓடிவிடும்.

டாஸ் விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸே சரியான விடை. இதில் எனக்கு ஐயமில்லை. 2002 முதல் கிடைக்கும் இந்த இலவச மென்பொருள் செயலியையும் விஜிஏ திரை அட்டையையும் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையையும் மென்பொருளாகவே உருவாக்கிக் காட்டுவதால், அடியில் இருப்பது எந்த இயங்குதளம் என்பது விளையாட்டுக்குத் தெரிவதேயில்லை. நம் ஊர்க் கணினி வகுப்புகளில் பலரும் முதன்முதலில் விளையாடிய ‘டேஞ்சரஸ் டேவ்’, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ இரண்டும் இதில் நன்றாக ஓடுகின்றன. செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்ட விளையாட்டுகள் தலைதெறிக்க ஓடினால், கண்ட்ரோல் விசையுடன் எஃப் 11ஐ அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். எஃப் 12 அதைக் கூட்டும்.

ஆனால் எந்த டாஸ்பாக்ஸ் என்பதும் முக்கியம். 2019இல் வந்த 0.74-3 பதிப்பையே இன்னும் பலர் பரிந்துரைக்கிறார்கள். நான் அதிலிருந்து பிரிந்து வேறொரு குழுவால் வளர்க்கப்படும் டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற கிளையைத்தான் பரிந்துரைப்பேன். அக்கால விளையாட்டுகள் பல 320க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டு, 4:3 விகிதமுள்ள திரையில் செங்குத்தாகச் சற்றே நீட்டிக் காட்டப்பட்டவை. மூலப் பதிப்பு தானாக அந்த நீட்டலைச் செய்வதில்லை என்பதால் வட்டங்கள் தட்டையாகவும் மனிதர்கள் குள்ளமாகவும் தெரிகிறார்கள். ஸ்டேஜிங் அதை இயல்பாகவே திருத்திக் காட்டுகிறது. வரைந்தவர் எண்ணிய உருவத்திலேயே படத்தைப் பார்ப்பது சிறிய விஷயமன்று. விளையாட்டின் நடுவில் எந்தக் கணத்திலும் நிலையைச் சேமிக்க விரும்புவோர் மட்டும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற இன்னொரு கிளையின் பக்கம் போகலாம்.

உண்மையான சிக்கல் 1996 முதல் 2002 வரையிலான விண்டோஸ் விளையாட்டுகளில்தான். அவை திறக்கும், ஆனால் நிறம் கெடும், திரை கறுக்கும், அல்லது முப்பரிமாணக் காட்சி வராது. 1999இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விண்டோஸ் 7இல் புல்லையும் நீரையும் கன்னாபின்னா நிறங்களில் காட்டியதற்குக் காரணம், திரையில் காட்டக்கூடிய 256 நிறங்களின் பட்டியலை விளையாட்டும் விண்டோஸும் ஒரே நேரத்தில் மாற்ற முயன்றதே. இத்தகைய இருபரிமாண விளையாட்டுகளுக்கு சிஎன்சி-டிடிரா பொருத்தமானது. முப்பரிமாண விளையாட்டுகளுக்கு டிஜிவூடூ 2. இவை பழைய டைரக்ட்எக்ஸ் அழைப்புகளை, அதாவது விளையாட்டுகள் திரையில் வரைய விண்டோஸுக்கு இடும் கட்டளைகளை, புதிய திரை அட்டைக்குப் புரியும் வடிவில் மாற்றித் தரும் சிறு கோப்புகள். விளையாட்டின் கோப்புறையில் வைத்தாலே போதும். டிஜிவூடூ, 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் அட்டைகளுக்கென்றே இருந்த கிளைடு மொழியையும் மாற்றித் தருவதால், 1997இன் ‘நீட் ஃபார் ஸ்பீடு 2 எஸ்இ’ அந்த அட்டை இல்லாத கணினியிலும் அதன் முழு அழகோடு ஓடுகிறது.

மெய்நிகர் கணினியில் விண்டோஸ் 98 நிறுவினால் எல்லாம் தீரும் என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. வர்ச்சுவல்பாக்ஸ் அலுவலக மென்பொருளுக்கு நல்லது. விண்டோஸ் 98க்கான திரை இயக்கிகளை, அதாவது திரை அட்டையை இயக்கும் மென்பொருளை, அது தருவதில்லை, ஆகவே முப்பரிமாண விளையாட்டுக்கு அது உதவாது. 86பாக்ஸ் வேறு வகை: பென்டியம் கணினியை 3டிஎஃப்எக்ஸின் வூடூ திரை அட்டையோடு சேர்த்து முழுமையாகப் பாவனை செய்கிறது. துல்லியத்தில் அதற்கு இணையில்லை என்றாலும், விண்டோஸ் 98 உரிமம் தேவை, நிறுவும் பொறுமை தேவை, வலுவான செயலியும் தேவை. மற்ற வழிகள் கைவிட்ட விளையாட்டுக்கு மட்டுமே அதை நாடுவேன்.

நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டுள்ள குறுந்தகடுகள் தனிக்கதை. அந்தப் பூட்டுக்கான இயக்கி பாதுகாப்பு ஓட்டையாக இருந்ததால், 2015இல் வந்த விண்டோஸ் 10இல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவில்லை. அசல் தகட்டைக் காசு கொடுத்து வாங்கியவருக்கும் விளையாட்டு திறக்காது. முகம் தெரியாத தளங்களிலிருந்து பூட்டை உடைக்கும் கோப்புகளை இறக்குவதைவிட, பூட்டில்லாமல் விற்கும் ஜிஓஜி என்ற இணையக் கடையில் அந்த விளையாட்டு இருக்கிறதா என்று பார்த்து மீண்டும் வாங்குவது பாதுகாப்பானது. அங்கு விற்கும் டாஸ் விளையாட்டுகளில் பல, டாஸ்பாக்ஸ் ஏற்கெனவே அமைக்கப்பட்ட நிலையிலேயே வருகின்றன.