பாராசூட் ஆடம்ஸ் பொய்ப்பூச்சி: ஆறு பருவங்கள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

ஃப்ளை ஃபிஷிங் பழக வருகிறவர் யாராக இருந்தாலும், கடைக்காரர் முதலில் எடுத்து வைக்கும் பொய்ப்பூச்சி பெரும்பாலும் பாராசூட் ஆடம்ஸாகத்தான் இருக்கும். மிச்சிகனுக்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டில் எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். கடந்த ஆறு பருவங்களில் அங்குள்ள ஆ சாபிள் ஆற்றில் நான் பிடித்து, மீண்டும் நீரிலேயே விட்ட டிரவுட் மீன்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றில் சிக்கியவைதான். அப்படி நம்பிய பூச்சி சென்ற மே மாத இறுதியில் ஒரு மாலை முழுவதும் பயனற்றுப் போனது. குறை பூச்சியிலா, என்னிடமா என்று பல நாட்கள் யோசித்த பிறகே இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்தேன்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இம்முறையில் புழுவோ மாவோ இரையாக வைப்பதில்லை. தூண்டில் முள்ளின் மேல் இறகும் ரோமமும் கட்டி, நீரில் விழுந்த பூச்சியைப் போலத் தோன்றச் செய்கிறார்கள். மணமும் சுவையும் இல்லாததால், ஏமாற்ற வேண்டியது மீனின் கண்ணை மட்டுமே. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி ஓடைகளில் டிரவுட் விடப்பட்டதும் இந்த விளையாட்டுக்காகத்தான்.

ஆடம்ஸ் மிச்சிகனிலேயே பிறந்தது. 1922இல் மேஃபீல்டு என்னும் சிற்றூரில் லெனர்டு ஹாலடே என்பவர் இதைக் கட்டினார். போர்டுமன் ஆற்றில் முதலில் போட்டுப் பார்த்தவர் அவருடைய நண்பர் சார்லஸ் ஆடம்ஸ் என்பதால், அவர் பெயரே பூச்சிக்கு நிலைத்துவிட்டது. மஸ்க்ராட் என்னும் நீரெலியின் சாம்பல் ரோமத்தில் உடல், பழுப்பும் கறுப்பு வெள்ளை வரியுமான சேவல் கழுத்திறகுகளைக் கலந்து சுற்றிய கால்கள், நிமிர்ந்து நிற்கும் இரண்டு இறகு நுனிகள் என்பதே அதன் பழைய வடிவம். பின்னால் வந்த பாராசூட் வடிவத்தில் இறக்கைகளுக்குப் பதிலாக வெள்ளை ரோமத் தூண் ஒன்று நிற்கும்; கழுத்திறகைக் குடை விரித்தாற்போல் அந்தத் தூணின் அடியைச் சுற்றிக் கிடையாகக் கட்டியிருப்பார்கள். இதனால் பூச்சியின் வயிறு நீர்ப்படலத்தை ஒட்டிப் படுக்கிறது. மங்கிய வெளிச்சத்திலும் முப்பது அடி தொலைவிலிருந்து அந்த வெள்ளைத் தூண் நமக்குத் தெரிகிறது. மீன் பார்ப்பது அடிப்பக்கத்தை, நாம் பார்ப்பது மேல்பக்கத்தை. இருவரையும் ஒருசேரத் திருப்திப்படுத்தும் அமைப்பு இது.

எந்த ஒரு பூச்சியையும் இது அச்சாகப் போலச் செய்வதில்லை. சாம்பலும் பழுப்பும் கலந்த அந்த மங்கல் நிறத்தை ஏப்ரல் கடைசியில் வெளிவரும் ஹென்ட்ரிக்சன் என்றும் கொள்ளலாம், மழைமூட்ட நாளின் சிறிய ஆலிவ் பூச்சி என்றும் கொள்ளலாம். பசித்த மீனுக்கு அந்தச் சாயல் போதும்.

பசி தீர்ந்து, ஒரே வகைப் பூச்சியை மட்டும் தேர்ந்து தின்னும் மீனுக்கு அது போதாது. இதைத்தான் அந்த மே மாலையில் கற்றேன். கிரேலிங் ஊருக்குக் கிழக்கே, பொய்ப்பூச்சி மட்டுமே அனுமதிக்கப்பட்ட, பிடித்த மீனையெல்லாம் விட்டுவிட வேண்டிய, உள்ளூர்க்காரர்கள் புனித நீர் என்று அழைக்கும் பகுதியில் நின்றிருந்தேன். கரையோரம் சாய்ந்து கிடந்த ஒரு செடார் மரத்தின் நிழலில் பழுப்பு டிரவுட் ஒன்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கை நீட்டிப் பூச்சி உறிஞ்சிக்கொண்டிருந்தது. என் 14ஆம் எண் ஆடம்ஸ் (எண் கூடக் கூடப் பூச்சி சிறிது) நீரோட்டத்தில் அதன் தலைக்கு நான்கடி முன்னால் விழுந்து, நன்றாகவே மிதந்து வந்தது. மீன் எழுந்தது, பூச்சிக்கு ஓர் அங்குலம் கீழே, நீரோட்டத்தோடு பின்புறமாகவே மிதந்தபடி ஒரு முழம் தூரம் அதைப் பார்த்துக்கொண்டே வந்தது, பிறகு வாயைத் திறக்காமலேயே திரும்பித் தன் இடத்துக்குப் போய்விட்டது. பஜ்ஜிக் கடையில் எண்ணெயின் வாசம் பிடிக்காமல் திரும்பிப் போகும் வாடிக்கையாளரின் நடைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இந்நிலையில் பெரும்பாலோர் செய்யும் தவற்றையே நானும் செய்தேன். பெட்டியைத் திறந்து, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடுத்தடுத்துக் கட்டி வீசினேன். ஒவ்வொரு வீச்சும் அந்த மீனுக்கு ஒரு பாடமாக அமைந்ததே தவிர வேறு பயன் இல்லை. யெல்லோஸ்டோன் ஆற்றில், பிடித்த மீனை விட்டுவிட வேண்டிய பகுதி ஒன்றில் 1980களில் நடந்த ஆய்வில், ஒரு கட்த்ரோட் டிரவுட் ஒரே பருவத்தில் சராசரியாகப் பத்து முறைக்குச் சற்றுக் குறைவாகப் பிடிபடுவதாகக் கணக்கிட்டார்கள். பழுப்பு டிரவுட் அதைவிட எச்சரிக்கையானது. ஆண்டு முழுவதும் தூண்டில்காரர்கள் நிற்கும் ஆற்றில், கடைகளில் மிக அதிகம் விற்கும் பூச்சி எதுவோ அதையே மீன்களும் மிக அதிகம் பார்த்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்த வளைவில் நின்றிருந்த முதியவர் ஒருவர், கரைக்கு ஏறிப் பத்து நிமிடம் உட்காருமாறு சொன்னார். உட்கார்ந்த பிறகுதான் என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த பூச்சியைக் கவனித்தேன். துருவின் நிறம், கண்ணாடி போன்ற இறக்கைகள், உடலைவிட நீண்ட வால் இழைகள். மேஃப்ளைகள் ஏறக்குறைய நம் ஊர் ஈசலைப் போன்றவை. நீருக்கடியில் ஓராண்டு அளவு வாழ்ந்து, இறக்கையோடு வெளிவந்து, மீண்டும் ஒருமுறை தோலுரித்து, கூடி முட்டையிட்டதும் இறக்கைகளை இருபுறமும் விரித்தபடி நீரில் விழுந்து மடிகின்றன. அந்தக் கடைசி நிலைக்கு ஸ்பின்னர் என்று பெயர். மீன் அப்போது தின்றுகொண்டிருந்தது செத்து மிதந்த, அசைவற்ற, தட்டையான ஸ்பின்னர்களை. என் ஆடம்ஸோ எட்டுத் திசையிலும் கால்களை ஊன்றிக் கொழுக்கென்று நின்றது.

அதன் பிறகு நான் செய்தவற்றை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். முதலில் தங்கூசியின், அதாவது பூச்சியைக் கட்டும் மெல்லிய நரம்பிழையின், கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, 5 எக்ஸுக்குப் பதிலாக அதைவிட மெல்லிய 6 எக்ஸ் தடிமனில் மூன்றடி கட்டினேன். மெல்லிய நீண்ட தங்கூசி தளர்ந்து விழுவதால், நீரோட்டம் பூச்சியை இழுக்கும் நேரம் தள்ளிப்போகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு இழுப்பே பல மறுப்புகளுக்குக் காரணம். பிறகு 18ஆம் எண் ஆடம்ஸை எடுத்து, நகவெட்டியால் குடையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கத்தரித்தேன். இருபுறமும் மட்டுமே இழைகள் மிஞ்சின. மிதவைப் பசையைத் தூணுக்கு மட்டும் தடவி, வயிற்றை எச்சில் தொட்டு நனைத்தேன். நின்ற இடத்தையும் ஆற்றின் மேல்போக்கில் ஆறடி தள்ளி மாற்றிக்கொண்டேன். தங்கூசிக்கு முன்னால் பூச்சி மீனிடம் போய்ச் சேரட்டும் என்பதற்காக. மூன்றாவது வீச்சில் நீரில் ஒரு சிறு சுழிப்பு. வெள்ளைத் தூண் காணாமல் போனது. பன்னிரண்டு அங்குலம் இருக்கும். வலையிலேயே வைத்து முள்ளை எடுத்து, நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அதுவாக நழுவிப் போகும் வரை காத்திருந்தேன்.

ஆகவே அந்த மாலையின் குறையில் முக்கால் பங்கு என்னுடையது. மீதிக் கால் பங்கு, நான் வாங்கியிருந்த பூச்சிகளின் தரத்தைச் சேர்ந்தது. மலிவாகக் கிடைக்கிறதென்று தபாலில் வரவழைத்த ஒரு டஜனை வீட்டுக்கு வந்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். மூன்றின் முள் கண்ணில் பசை அடைத்துக்கொண்டு தங்கூசி நுழையவில்லை. ஐந்தில் குடை இழைகள் முள்ளின் வாய் அகலத்தைப்போல் மூன்று மடங்கு நீண்டிருந்தன; இரண்டு மடங்குக்கு மேல் போனால் பூச்சி நீரில் படுக்காமல் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடும். உடலோ பஞ்சு மெத்தை போல உப்பியிருந்தது. உண்மையான மேஃப்ளையின் வயிறு தையல் நூலைவிடச் சற்றே தடித்தது, அவ்வளவுதான். இன்னொன்றில் முதல் மீனின் பல் பட்டதுமே குடை முழுவதும் அவிழ்ந்து தொங்கியது. ஆற்றங்கரைக் கடையில் உள்ளூர்க்காரர்கள் கட்டி விற்கும் பூச்சி ஒன்றுக்கு ஒரு டாலர் கூடுதலாக ஆகிறது. ஆனால் அவற்றில் ஒன்று பன்னிரண்டு மீன்களைக் கண்டு, வால் இழந்த நிலையிலும் என் தொப்பியில் இன்னும் குத்தியிருக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் 14, 16, 18 ஆகிய மூன்று எண்களை வாங்கினால் போதும். 12ஆம் எண் எனக்கு அரிதாகவே பயன்பட்டது. ஆகஸ்ட் காலையில் கொசுவளவு டிரைக்கோ பூச்சிகள் கூட்டமாக விழும்போது ஆடம்ஸை வெளியே எடுப்பதே வீண். அந்த நேரத்துக்கு கிரிஃபித்ஸ் நாட் இருக்கிறது. 1959இல் இதே ஆற்றங்கரை வீட்டில் நண்பர்களைக் கூட்டி டிரவுட் மீன்களையும் அவை வாழும் ஆறுகளையும் காக்கும் டிரவுட் அன்லிமிடெட் அமைப்பைத் தொடங்கிய ஜார்ஜ் கிரிஃபித்தின் பெயரைத் தாங்கிய சின்னஞ்சிறு பூச்சி அது. ஜூன் கடைசி இரவுகளில் வரும் ஹெக்ஸ் பூச்சியோ கட்டைவிரல் நீளம். அதற்கும் இது பொருந்தாது.

உச்சி வெயிலில் மேற்பரப்பில் ஒரு மீனும் எழாதபோது மட்டும் இன்னொரு பயன் உண்டு. 14ஆம் எண் ஆடம்ஸின் முள் வளைவில் ஒன்றரை அடித் தங்கூசியைக் கட்டி, நுனியில் ஃபெசன்ட் டெயில் என்னும் மூழ்கும் பூச்சியைத் தொங்கவிட்டால், ஆடம்ஸ் தக்கையின் வேலையைச் செய்கிறது. தூண் சட்டென்று நின்றாலோ அமிழ்ந்தாலோ இழுக்க வேண்டும். சென்ற ஜூலையில் இப்படி ஒரே மதியத்தில் நான்கு மீன்கள் கிடைத்தன. நான்கும் கீழே தொங்கியதையே கடித்தவை.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன். நன்றாகக் கட்டிய பூச்சிக்கே இந்த மதிப்பெண். தபாலில் வந்த அந்த டஜனுக்கு ஒன்றுகூடக் கிடையாது. இந்தப் பருவத்துக்கு 18ஆம் எண்ணில் ஒரு டஜனும், 16இல் அரை டஜனும் ஆற்றங்கரைக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். அவற்றோடு துருநிற ஸ்பின்னரிலும் அரை டஜன் கேட்டிருக்கிறேன்; நகவெட்டியை இனி நகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.