ராமநாதபுரத்தில் அம்மாவின் முட்டிக்குப் பார்த்த பிசியோதெரபி: ஐந்துக்கு நாலு

மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. முட்டி வலிக்காரர்களை நம்பி நடக்கிற இடத்துக்குச் செங்குத்துப் படி ஏறிப் போகவேண்டியிருப்பதால் ஒரு ஸ்டாரைக் குறைத்துவிட்டேன். மற்ற நாலும் மனசாரக் கொடுத்தது. பெயர் போடவில்லை. "வேணாம்க்கா, இருக்கிற கூட்டத்தையே பார்த்து முடியல" என்று நடத்துகிற பெண்ணே சொல்லிவிட்டார். தெரிய வேண்டியவர்கள் கேட்டால் சொல்கிறேன்.

எங்களுக்குப் பாம்பன் சின்னப்பாலம். நான் வீட்டிலேயே தையல் போடுகிறேன். அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணியைச் சுற்றி, கண்ணாடியை மாட்டி, தீவோரப் பாரில் (கடலுக்கடியில் இருக்கிற பாறை) முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போட வேண்டும். தண்ணிக்குள் இருக்கிறவரை முட்டி ஒன்றும் சொல்லாது. ஈரப் பாசியைச் சுமந்துகொண்டு கரையில் கால் வைத்ததும் ஆரம்பிக்கும்.

இதற்கு எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் "செட்டு". மருந்துக்கடையில் "முட்டி வலிக்கு நாலு செட்டு" என்று கேட்டால் போதும், பல மாத்திரைகளைச் சேர்த்துச் சின்னக் காகித உறையில் கொடுத்துவிடுவார்கள். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. அட்டையை வெட்டிக் கொடுப்பதும் உண்டு, அட்டையே இல்லாத மாத்திரையும் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையில் அச்சடித்திருப்பது யார் கண்ணுக்கும் படுவதில்லை. அம்மா விடியக்காலை ஒரு செட்டை முழுங்கி, நீத்தண்ணியைக் குடித்துவிட்டு வத்தை (சின்னப் படகு) ஏறிவிடுவார். அப்புறம் மத்தியானம் வரை வெயில்தான்.

முதல் நாள் அந்த பிசியோ முட்டியைத் தொடவே இல்லை. "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க பாட்டி, எல்லாத்தையும் எடுங்க" என்றார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜையில் கொட்டினார். அவர் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பிரித்தார். "இது வலி மாத்திரை, அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கு. இது கேஸ் மாத்திரை. இது உங்க பிரஷர் மாத்திரை. இந்தக் குட்டி வெள்ளை எதுக்கு?" அம்மா சொன்னது: "அதுதாந்த்தா நல்லாக் கேக்குற மாத்திரை."

பிசியோ ஒரு சீட்டு எழுதினார். பிரஷர், சுகர், கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தால்தான் பயிற்சி தொடங்குவாராம். அன்றைக்குக் காசு வாங்கவில்லை. இந்த நாலு ஸ்டாரில் பாதி அந்தச் சீட்டுக்குத்தான்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பார்த்தோம். கிரியேட்டினின் 1.6, இருக்க வேண்டியதைவிடக் கூட. அட்டை இல்லாத குட்டி மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கலாம் என்றார் டாக்டர். அம்மாவின் முகம் ஊதியிருந்ததும் அதனால் இருக்கலாமாம்; ஊரே அதை "சதை போட்டிருக்கா" என்று மெச்சிக்கொண்டிருந்தது. அந்த மாத்திரையையும் பட்டென்று நிறுத்தக் கூடாதாம். ரொம்ப நாள் ஸ்டீராய்டு போனால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், அதனால் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும் என்று அளவு எழுதிக் கொடுத்தார்.

வலி மாத்திரை என்ன செய்கிறது என்பதையும் அவர்தான் புரியவைத்தார். உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு சரக்கு ஊறுகிறது. வலியையும் வீக்கத்தையும் கூட்டுவது அதுதான், மாத்திரை அதை ஊறவிடாமல் தடுக்கிறது. ஆனால் இரைப்பையின் உள்தோலைக் காப்பதும், கிட்னிக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே சரக்குதான். வலி நிற்கும்போது இந்தக் காவலும் போகிறது. கேஸ் மாத்திரை வயிற்றுக்கு ஓரளவு துணை நிற்கும், கிட்னிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் உண்டு. இரண்டோடும் வலி மாத்திரை சேர்ந்து, வெயிலில் தண்ணியும் குறைந்தால் கிட்னி எப்படித் தாங்கும்? பிரஷர் ஏறுவது, கால் வீங்குவது, மாரடைப்பு வாய்ப்பு கூடுவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகிறதாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்த கதையைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் கிட்னி கெட்டு விழுந்தன. மாட்டுக்குப் போட டைக்ளோஃபெனாக்குக்கு 2006-லும், அதன் பங்காளி அசிக்ளோஃபெனாக்குக்கு 2023-லும் தடை வந்தது. கழுகுக்கு ஆனது மனுஷனுக்கும் அப்படியே ஆகும் என்றில்லை. ஆனாலும் முந்தானையில் முடிந்து வைத்துத் தின்கிற சாமானா அது?

இனி பிசியோ. நின்றபடி எடுத்த எக்ஸ்ரேதான் வேண்டும் என்றார். பாரம் இறங்கும்போதுதான் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு என்று தெரியுமாம். தேய்மானம் நாலில் மூணாவது நிலை. தேய்ந்தது வளராது என்பதை மறைக்காமல் சொன்னார், அது எனக்குப் பிடித்தது. பிறகு அம்மாவின் தொடையை அழுத்திப் பார்த்து, "இந்தச் சதை இளைச்சுப்போச்சு பாட்டி, முட்டிப் பாரத்தை இதுதான் தாங்கணும்" என்றார்.

துண்டைச் சுருட்டி முட்டிக்கடியில் வைத்து, கால்விரலை முகத்தைப் பார்த்து மடக்கி, துண்டைக் கீழே அமுக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை விடக் கூடாது. அம்மா ஏலக்காரர் வேகத்தில் எண்ணி முடித்துவிட, அந்தப் பெண் கையைத் தொடையிலேயே வைத்துக்கொண்டு, "சதை இறுகவே இல்ல, மறுபடியும்" என்று மெதுவாக எண்ணவைத்தார். அடுத்து காலை நீட்டியபடி தூக்குவது, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்திருப்பது. அது பழகியதும் கணுக்காலில் மணல் பை. நூறு இருநூறு கொடுத்து வாங்க வேண்டாம் என்று ஜீன்ஸ் துணி வெட்டில் நானே தைத்துக் கடற்கரை மணலை நிரப்பினேன். அதையே மாதிரியாக வைத்து இப்போது அங்கே வருகிற நாலு பேருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

குறையும் உண்டு. ஒரு தடவைக்கு 300 ரூபாய், கரண்ட் மெஷின் வைத்தால் மேலே 150. மெஷின் சுகமாகத்தான் இருக்கிறது, சாயங்காலமே வலி திரும்பிவிடுகிறது. வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் நாம்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். 350 ரூபாய்க்கு விற்கிற முட்டி உறை பஸ்ஸில் போகும்போது தெம்பு தருகிறது. எங்கள் ஊர் வேர்வைக்கு நாள் முழுக்கப் போட முடியாது, அரிக்கும். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்கச் சொன்னது மட்டும் ஓசியில் கிடைத்த நல்ல யோசனை.

வலி போய்விட்டதா என்றால் இல்லை. அரிவாள்மனையைப் பெஞ்சில் ஏற்றியாயிற்று, குத்தவைத்து மீன் வெட்டுவது நின்றது. செட்டு நின்றது. டாக்டர் அனுமதித்த வலி ஜெல்லைத் தடவுகிறார். தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது மாத்திரையைவிட ரொம்பக் குறைவு என்பதால் அது பரவாயில்லையாம். முடியாத நாளில் மட்டும் டாக்டர் சொன்ன அளவுக்குப் பாராசிட்டமால். கிரியேட்டினின் 1.2-க்கு இறங்கியிருக்கிறது. பாசிக்கு இன்னும் போகிறார், தடுத்தால் சண்டை வரும்.

முட்டி சிவந்து சூடாகி, காய்ச்சலும் இருந்தால் இங்கே வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றவர்கள் காலையிலேயே வந்துவிடுவது நல்லது, சாயங்காலம் கூட்டம் நெரியும். ஞாயிறு லீவு. முதல் தடவை வரும்போது வீட்டிலிருக்கிற மாத்திரை மொத்தத்தையும், அட்டை இல்லாததையும் சேர்த்து, பையில் போட்டு எடுத்து வாருங்கள்.