அப்பா அம்மாவுக்கு சிகாகோ வழியாக டிக்கெட் போடுகிறவர்கள் கவனத்துக்கு: 1,240 டாலர் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன். போனது 1,240 டாலர். நம்மூர்க் கணக்கில் லட்ச ரூபாய்க்கு மேல்.

நாங்கள் இருப்பது இல்லினாயில், பியோரியாவில். மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம். பேறுகாலம் பார்க்க அப்பாவும் அம்மாவும் சென்னையிலிருந்து வளைகுடா வழியாக சிகாகோ ஓஹேர் வந்து, அங்கிருந்து பியோரியா வரவேண்டும். நீயே காரில் போய்க் கூட்டி வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சுமார் 160 மைல். போக வர, காத்திருக்க என்று பாதி நாள் போய்விடும். எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கும்போது அவளைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போவது? அதனால்தான் பியோரியா வரைக்கும் விமானம் கேட்டேன்.

டிக்கெட் போட்டது ஒரு டிராவல் ஏஜென்ட். கடை, போர்டு எதுவும் கிடையாது. இந்தியக் குடும்பங்களைக் குறிவைத்து வாட்ஸ்அப்பிலேயே வியாபாரம் செய்கிற ரகம். பெயரைப் போடப்போவதில்லை. இந்த ரகத்தில் பெயர் மாற்றிக்கொண்டு வர ஒரு சிம் கார்டு போதும்.

மனுஷன் பேச்சில் தேன். "அம்மாவுக்கு முட்டி வலின்னா கவலையே படாதீங்க சார், வீல்சேர் போட்டுடறேன். சென்னையில உட்கார்ந்தா பியோரியாவுலதான் எந்திரிப்பாங்க." ஒரே டிக்கெட்தானே என்று கேட்டேன். "ஒரே டிக்கெட்தான் சார்." சிகாகோவில் மூன்று மணி நேர இடைவெளி போதுமா என்று கேட்டேன். "தாராளம் சார், நான் எத்தனை ஃபேமிலிய அனுப்பியிருக்கேன்." கார்டு வேண்டாம், கார்டு என்றால் மூன்று சதவீதம் கூட ஆகும், ஸெல்லில் (Zelle, பேங்க் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஆப்) அனுப்பிவிடுங்கள் என்றார். அனுப்பினேன். அவர் அனுப்பிய பிடிஎஃப்-இல் அவருடைய லோகோ பெரிதாக, விமானங்கள் வரிசையாக, மேலே ஒரே ஒரு புக்கிங் நம்பர். அது அவருடைய கம்பெனி நம்பர். விமான நிறுவனங்கள் தரும் ஆறெழுத்து புக்கிங் குறியீடான பிஎன்ஆர் எங்கேயும் இல்லை.

கிளம்புகிற அன்று சென்னை ஏர்போர்ட்டிலிருந்து அப்பா கூப்பிட்டார். அவர் ரிடையர்டு தபால்காரர், எதையும் படித்துப் பார்க்காமல் விடமாட்டார். "டேய், பெட்டி டேக்குல ஓஆர்டின்னு போட்டிருக்கு. உங்க ஊரு பிஐஏதானே?" ஓஆர்டி என்பது ஓஹேர் ஏர்போர்ட்டின் குறியீடு, பிஐஏ பியோரியாவுடையது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏஜென்டுக்கு போன் போட்டேன். எடுத்தார், உடனே பதிலும் சொன்னார்: "சார், அமெரிக்காவுல முதல்ல இறங்குற ஊர்ல பெட்டிய எடுத்து கஸ்டம்ஸ் காட்டணும்ல, அதான் ஓஆர்டி. எல்லாருக்கும் அப்படித்தான்."

இந்த இடத்தில்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது, ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி நிஜம். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் முதலில் இறங்கும் ஊரில் பெரும்பாலும் பெட்டியை எடுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் அப்போது டேக்கில் கடைசி ஊரின் பெயர் இருக்கும். கஸ்டம்ஸ் முடிந்து வெளியே வந்ததும் அங்கேயே பெல்ட்டில் போட்டுவிட்டுக் கைவீசி நடக்கலாம். டேக் ஓஆர்டியோடு நின்றுவிட்டது என்றால் அது வேறு டிக்கெட் என்று அர்த்தம். அதைத் தெரிந்தே மறைத்தார். அப்பா சரியாகத்தான் கேட்டார். "எல்லாருக்கும் அப்படித்தானாம்ப்பா" என்று அவரைச் சமாதானப்படுத்தி ஏற்றிவிட்டேன்.

ஓஹேரில் விமானம் 3:40-க்கு இறங்கியது, சொன்ன நேரத்துக்கே. பியோரியா விமானம் 6:50. இமிக்ரேஷன் வரிசை. அப்புறம் கஸ்டம்ஸில் அம்மா கொண்டுவந்த பேறுகால லேகிய டப்பாவைத் திறந்து, இது என்ன, இதில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு விசாரணை. சுக்கு, திப்பிலி, கருப்பட்டி. இதை அப்பா இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் கொஞ்சம் நேரம் போனது. வெளியே வரும்போது ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். அவர்கள் இறங்கியது 5-ஆம் டெர்மினல். பியோரியா விமானம் உள்நாட்டு டெர்மினலில். நடுவில் ரயில். வீல்சேர் தள்ளி வந்த பையன் வாசலோடு நின்றுவிட்டான். அவன் வேலை முதல் விமான நிறுவனத்தோடு முடிந்ததாம். அடுத்த நிறுவனத்தில் வீல்சேர் கேட்டதாகப் பதிவே இல்லை. அமெரிக்காவில் விமான நிறுவனம் வீல்சேர் உதவியை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம், டிக்கெட் இரண்டாக இருந்தாலும் அடுத்த விமானம் வரை கொண்டுபோய் விடுவது இறக்கிவிட்ட நிறுவனத்தின் பொறுப்பு. அதை அங்கே எடுத்துச் சொல்ல யார் இருந்தார்கள்?

இருபத்து மூன்று கிலோ பெட்டி நான்கு, முட்டி மடங்காத அம்மா, அறுபத்தெட்டு வயது அப்பா. ரயிலேறி, இறங்கி, கவுண்டரைக் கண்டுபிடித்துப் போய் நின்றபோது மணி 6:15. பெட்டி போட 45 நிமிஷத்துக்கு முன்னால் வரவேண்டும், முடிந்துவிட்டது என்றார்கள். போதாக்குறைக்கு அந்த டிக்கெட்டில் பெட்டிக்கே இடமில்லையாம், தனியாகக் காசு கட்ட வேண்டுமாம். இரவு கடைசி விமானத்தில் சீட் இல்லை. சிறு ஊர்களுக்கு ஓடுவதெல்லாம் ஐம்பதிலிருந்து எழுபத்தாறு பேர் உட்காரும் குட்டி ஜெட். ஒன்று தவறினால் அடுத்ததில் இரண்டு சீட் சேர்ந்தாற்போல் கிடைப்பது குதிரைக்கொம்பு.

நான் அப்போது பியோரியா ஏர்போர்ட்டில், மனைவியோடு. தனியாக விட மனமில்லாமல் அவளையும் கூட்டிப் போயிருந்தேன். பெயர்ப்பலகையில் இன்டர்நேஷனல் என்று இருக்கும். இறங்குவது பெரும்பாலும் சிகாகோ, டல்லாஸ், சார்லட் விமானங்கள்தான். சுத்தமாக, அழகாக இருக்கும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் சாயங்காலமானால் விசாரிக்க ஆள் கிடைப்பது கஷ்டம். கவுண்டரில் செக்-இன் செய்கிறவரே அப்புறம் உள்ளே போய் கேட்டில் போர்டிங் பாஸும் ஸ்கேன் செய்வார். சின்ன ஊர் அப்படித்தான். காலி கவுண்டருக்கு முன்னால், சிப்ஸ் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் அந்த விமானம் "ஆன் டைம்" என்று பச்சையில் மின்னுகிறது. அது வந்தும் விட்டது. எல்லாரும் இறங்கிப் போனார்கள். அதற்கப்புறம்தான் யாரோ ஒருவரின் போனிலிருந்து அப்பா கூப்பிட்டார். "நாங்க சிகாகோவுலயே இருக்கோம்ப்பா. அம்மா அழுவுறா."

அன்று இரவு ஹோட்டல், மறுநாள் பஸ். வந்து சேர்ந்தார்கள்.

மறுநாளிலிருந்து என் பொழுது இதிலேயே போனது. ஏஜென்ட் முதலில் "எஸ்கலேட் பண்றேன் சார்" என்றார். அப்புறம் ஏர்லைன்ஸைக் கேளுங்கள் என்றார். ஏர்லைன்ஸைக் கேட்டால், நீங்கள் வரவில்லை, நோ-ஷோ, டிக்கெட் போட்ட ஏஜென்டைக் கேளுங்கள் என்கிறார்கள். அங்கேதான் இன்னொரு இடி: முதல் பயணத்துக்கு ஏறவில்லை என்பதால் திரும்பும் பியோரியா–சிகாகோ டிக்கெட்டும் தானாகவே ரத்து. மறுபடி ஏஜென்ட். நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் எடுக்கிறார். "பிடிஎஃப் கடைசிப் பக்கத்துல செல்ஃப் டிரான்ஸ்ஃபர்னு போட்டிருக்கு பாருங்க சார்." பார்த்தேன். எறும்பு எழுத்தில் இருந்தது. இரண்டும் தனித்தனி டிக்கெட், விமானம் மாறுவது பயணியின் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். அடுத்த முறை டிக்கெட் எடுத்தால் ஐம்பது டாலர் கழித்துக்கொள்கிறாராம். கடைசியாக அவர் சொன்னது: "அப்பா அம்மா நல்லபடியா வந்து சேர்ந்துட்டாங்கல்ல சார், அதுதானே முக்கியம்."

உள்ளூர் டிக்கெட் இரண்டு பேருக்குப் போக வர 880, அவருடைய சர்வீஸ் சார்ஜ் 120, ஹோட்டலும் பஸ்ஸும் 240. ஆகமொத்தம் 1,240 டாலர். ஸெல்லில் போன பணம், பேங்க் கையை விரித்துவிட்டது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையில் புகார் போட்டிருக்கிறேன். 2024 அக்டோபர் கடைசியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி விமானம் ரத்தானாலோ, உள்நாட்டில் 3 மணி, வெளிநாட்டுப் பயணத்தில் 6 மணி நேரம் தள்ளிப்போய் நாம் வேண்டாம் என்றாலோ பணத்தைத் திருப்பித் தரவேண்டும். எங்கள் கதையில் இரண்டு விமானமும் ஒழுங்காக நேரத்துக்கு ஓடின. அதனால் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

விரிவாக எழுத நினைத்தேன், அவள் கூப்பிடுகிறாள். சுருக்கமாக: காசு கொடுப்பதற்கு முன்னால் விமான நிறுவனத்தின் பிஎன்ஆரைக் கேளுங்கள், அவர்கள் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஒரே பிஎன்ஆரில் கடைசி ஊர் வரை தெரியவில்லை என்றால் வேண்டாம். ஒரே டிக்கெட்டாக இருந்தால் விமானம் தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. வீல்சேரை நீங்களே போன் செய்து உறுதி செய்யுங்கள். செக்-இன்னில் டேக்கில் உங்கள் ஊர்க் குறியீடு இல்லையென்றால் அந்தக் கவுண்டரிலேயே கேளுங்கள், ஏஜென்டைக் கேட்காதீர்கள். கார்டில் கட்டுங்கள். ஸெல்லில் கேட்கிறவனுக்கு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.