கில்பேர்ட் வந்த வழியா, செசில் வரும் வழியா?

பிரித்தானிய விளையாட்டு வடிவமைப்பாளர் சார்ள்ஸ் செசில், புரோக்கன் சோர்ட் என்ற தன் துப்பறியும் கணினி விளையாட்டு வரிசையில் மறுபடியும் ஒன்று செய்கிறார். பெயர் பார்சிவல்ஸ் ஸ்டோன். 2023 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்து யாழ்ப்பாணத்தில் பொயின்ட் அண்ட் கிளிக் விளையாட்டுகளில், அதாவது திரையில் சொடுக்கிச் சொடுக்கிப் புதிர் விடுவிக்கும் சாகச விளையாட்டுகளில், ஊறிப்போன எங்கள் சின்னக் கூட்டத்துக்குள் ஒரு வாக்குவாதம் ஓயவில்லை. மூத்த கலைஞர் ஒருவர் திரும்பி வருவதென்றால் மங்கி ஐலண்ட் விளையாட்டுகளைத் தொடங்கிய ரொன் கில்பேர்ட் வந்ததுபோல வரவேண்டும் என்கிறது ஒரு பக்கம். செசிலின் வழிதான் சரி என்கிறது மற்றப் பக்கம். நான் செசில் பக்கம். ஆனால் கில்பேர்ட் ரசிகர்கள் சொல்லும் காரணங்கள் வலுவானவை.

முதலாவது காரணம் காத்திருப்பு. கில்பேர்ட் 1990-இல் த சீக்ரெட் ஒஃப் மங்கி ஐலண்ட் என்ற கடற்கொள்ளையர் பகிடி விளையாட்டைத் தந்தார், அடுத்த வருடமே இரண்டாம் பாகத்தையும் தந்தார், பிறகு லூகாஸ் நிறுவனத்தை விட்டு விலகினார். அதற்குப் பின் வந்த பாகங்களை வேறு ஆட்கள் செய்தார்கள். முப்பது வருடம் கழித்து, 2022 ஏப்ரல் 1 அன்று, ரிட்டேர்ன் டு மங்கி ஐலண்ட் வருகிறது என்று அறிவித்தார். முட்டாள்கள் தினம் என்பதால் கன பேர் நம்பவில்லை. ஆனால் இரண்டு வருடமாக ரகசியமாக வேலை நடந்திருந்தது. செப்டம்பர் 19 அன்று விளையாட்டு கையில் கிடைத்துவிட்டது. அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையே ஆறு மாதம்கூட இல்லை.

அந்த ஆறு மாதம் இங்கே எப்படிப் போனது என்று யாருக்கும் மறந்திருக்காது. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அமெரிக்காவில் 25 டொலர் விலை போட்ட அந்த விளையாட்டு, ரூபாய்க் கணக்கில் 5,000 ஆக இருந்திருக்க வேண்டியது, 9,000 ஆகிவிட்டது. ஆனாலும் சாகச விளையாட்டின் அருமை எங்களுக்கு வடிவாக விளங்கியதும் அந்த நாட்களில்தான். இது வேகமான கையைக் கேட்பதில்லை, ஓயாத இன்டர்நெட்டைக் கேட்பதில்லை, கரண்ட் போனாலும் புதிர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, ரசிகர்களிடம் முன்கூட்டியே காசு வாங்கிச் செய்வது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2012-இல், மங்கி ஐலண்டில் கில்பேர்ட்டுடன் வேலை செய்த டிம் ஷேஃபர் ஒரு புது விளையாட்டுக்கு நான்கு இலட்சம் டொலர் கேட்டார், 33 இலட்சத்துக்கு மேல் குவிந்தது. புரோக்கன் ஏஜ் என்ற அந்த விளையாட்டின் முதல் பாதி 2014-இலும் இரண்டாம் பாதி 2015-இலும் வந்தன. நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி விழுந்ததில் கதையின் சூடு ஆறிப்போனது. செசிலின் ஐந்தாம் புரோக்கன் சோர்ட்டும் இப்படித்தான் ரசிகர் பணத்தில், இரண்டு துண்டாக வந்தது. இங்கிருந்து, கையில் இல்லாத விளையாட்டுக்கு டொலரில் முன்பணம் கட்டச் சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சரி, செசில் இந்தமுறை என்ன செய்தார்? புதிய விளையாட்டை அறிவித்தபோதே, 1996-இல் வந்த முதல் புரோக்கன் சோர்ட்டைப் புதுப்பித்துத் தருவதாகவும் சொன்னார். ரீஃபோர்ஜ்ட் என்ற அந்தப் பதிப்பு 2024 செப்டம்பரில் வந்தது. பரிஸ் கபே ஒன்றில் குண்டு வெடிக்கிறது, கோமாளி வேடம் போட்ட கொலைகாரன் ஓடுகிறான், ஜோர்ஜ் என்ற அமெரிக்கப் பயணி நிக்கோ என்ற பத்திரிகையாளருடன் சேர்ந்து டெம்ப்ளர் என்ற இடைக்காலச் சிலுவைப்போர் வீரர்களின் ரகசியத்தைத் துரத்துகிறான். கதையும் வசனமும் அப்படியே இருக்க, படங்கள் மட்டும் இன்றைய திரைக்கு ஏற்றபடி புதிதாக வரையப்பட்டுள்ளன. புதியவர்கள் பார்சிவலுக்கு வரும்முன் நடந்துவர வேண்டிய பாதையை அவர் முதலில் திருத்திக் கொடுத்திருக்கிறார். காத்திருப்பு நீளம்தான், ஆனால் வெறும் காத்திருப்பு இல்லை. நான் செசில் பக்கம் நிற்பதற்கு இதுவே பெரிய காரணம்.

இனிப் புதிர்கள். இங்கே கில்பேர்ட்தான் மேலே, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சாகச விளையாட்டுகள் ஏன் எரிச்சலூட்டுகின்றன என்று 1989-இலேயே ஒரு கட்டுரை எழுதி, விதிகளையும் வகுத்தவர் அவர். பூட்டைக் காட்டும்முன் சாவியைக் கொடுக்காதே, செத்துச் செத்துப் பாடம் படிக்க வைக்காதே என்பவை அதன் சாரத்தில் அடங்கும். மங்கி ஐலண்டில் ஒரு கதவுக்கு முன்னால் முட்டி நிற்கும்போதும், விடை எங்கோ நியாயமாக இருக்கிறது என்ற நம்பிக்கை போகாது.

செசிலிடம் அந்த நம்பிக்கை ஓரிடத்தில் உடைந்தது. அயர்லாந்துக் கோட்டை இடிபாட்டில் வழியை மறித்து நிற்கும் ஆட்டை விளையாடியவர்கள் மறக்கவே மாட்டார்கள். ஆடு ஜோர்ஜை முட்டித் தள்ளும். அவன் எழும்பும் அந்தக் கணத்துக்குள் பக்கத்தில் கிடக்கும் பழைய பண்ணைக் கருவியை நீங்கள் சொடுக்க வேண்டும். அதுவரை ஆற அமர யோசிக்கவிட்ட விளையாட்டு, ஒரு அறிவித்தலும் இல்லாமல் திடீரென்று வேகம் கேட்டது. எத்தனையோ பேர் அந்த இடத்தோடு விளையாட்டையே கைவிட்டார்கள். ரீஃபோர்ஜ்டில் பழைய மாதிரியே விளையாட ஒரு முறையும், புதியவர்களுக்குக் கைகொடுக்கும் கதை முறையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். நல்ல முன்னேற்றம்.

ஆனாலும் ரிட்டேர்ன் டு மங்கி ஐலண்டில் உள்ள குறிப்புப் புத்தகம்தான் எனக்கு இன்னும் பிடிக்கும். கதைநாயகன் கைப்பையிலேயே அது இருக்கும். திறந்தால் முதலில் ஒரு சின்ன ஜாடை, பிறகு கொஞ்சம் கூட, கடைசியில்தான் முழு விடை. எவ்வளவு உதவி வேண்டும் என்பதை விளையாடுபவரே தீர்மானிக்கலாம். ஏ.எல். சோதினைக்கும் ரியூசனுக்கும் இடையில் அரை மணித்தியாலம் கிடைக்கும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். இன்டர்நெட்டில் விடை தேடப் போனால் முடிவுவரை கதை தெரிந்துவிடும்.

மொழியில் செசில் முந்துகிறார். இரண்டுமே தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் வாசித்துத்தான் விளையாட வேண்டும். கில்பேர்ட்டின் பகிடிகள் ஆங்கிலச் சொல்விளையாட்டில் தொங்குபவை, வாள்சண்டையையே வசைப் பேச்சால் வெல்லவேண்டிய உலகம் அது. ஆங்கிலம் நன்றாகக் கைவந்தவருக்கு அது விருந்து, மற்றவர்களுக்கு பாதிச் சுவை போய்விடும். புரோக்கன் சோர்ட்டில் கதை துப்பறியும் ஒழுங்கில் போகிறது. தம்பி எலியைப் பிடித்திருக்க, அக்கா வசனத்தை வாசித்துச் சொல்ல, இரண்டு பேருமாக விளையாடலாம்.

ஓவியம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ரிட்டேர்ன் டு மங்கி ஐலண்டின் கூர்மையான புது வரைபாணி பிடிக்காமல் சிலர் கில்பேர்ட்டை மிக மோசமாகத் தாக்கினார்கள். அவர் தன் வலைப்பதிவில் அந்த விளையாட்டைப் பற்றி எழுதுவதையே நிறுத்தினார். முப்பது வருடம் காத்திருந்துவிட்டு, செய்தவரையே அப்படி ஏசுவது அநியாயம். செசில் தரப்பில் பிரச்சினை வேறு. ரீஃபோர்ஜ்டின் பாத்திரப் படங்களைப் புதுப்பிக்கச் செயற்கை நுண்ணறிவின் உதவியையும் பயன்படுத்தினார்கள். பழைய படத்தைப் பெரிதாக்க அது உதவியதை விளங்கிக்கொள்கிறேன். புதிய விளையாட்டில் மனிதக் கைதான் கோடு போட வேண்டும்.

பார்சிவலின் கதைப்பொருள் என் ஆவலை இன்னும் கூட்டுகிறது. 13-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் காவியம் ஒன்றில் பார்சிவல் என்ற வீரன் தேடும் புனித கிரெயில், வழக்கமாகச் சொல்லப்படுவதுபோல இயேசுவின் கடைசி இராப்போசனக் கிண்ணம் அல்ல, ஒரு கல். விளையாட்டின் பெயர் அதைத்தான் தொடுகிறது என்று நினைக்கிறேன். டெம்ப்ளர் கதையை அவ்வளவு நுணுக்கமாகப் பின்னியவரிடம் இந்தக் கல் கிடைத்திருக்கிறது.

அதுவரை என்ன விளையாடலாம் என்று கேட்பவர்களுக்கு: காசு செலவழிக்க விருப்பம் இல்லையென்றால் செசிலின் 1994 விளையாட்டான பினீத் எ ஸ்டீல் ஸ்கையை எடுங்கள். 2003-இலிருந்து அது இலவசம். அதை ஓட்ட உதவும் ஸ்கம்விஎம் என்ற மென்பொருளும் இலவசம்; பழைய மடிக்கணினியிலும் அன்ட்ரொயிட் போனிலும் ஓடும். காசு கொடுத்து ஒன்றுதான் வாங்கலாம் என்றால், ஆங்கிலப் பகிடி பிடிப்பவர் ரிட்டேர்னை வாங்குங்கள், மற்றவர்கள் ரீஃபோர்ஜ்டை. பார்சிவல் வெளியானதும் நான் முதலில் தேடப்போவது ஜோர்ஜின் சட்டைப்பைக்குள் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கிறதா என்பதைத்தான்.