காருக்கு வீட்டிலேயே ஏசி கேஸ் ஏற்றினேன்: மூன்று கோடை அனுபவம்

ஊர் மன்னார்குடி. பத்து வருடம் ஓடிய சின்ன கார். மாதம் ஒருமுறை அப்பாவை டாக்டரிடம் காட்டத் தஞ்சாவூர் போக வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் ஏசி இல்லாமல் அவரால் உட்கார முடியாது. அதனால்தான் முதல் கோடையில் ஆர்134ஏ என்கிற ஏசி கேஸ் கேனும் அழுத்த மீட்டர் வைத்த ஹோஸும் வாங்கி நானே இறங்கினேன்.

இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுக் குளிரில் வைத்து, வெளிக்காற்றை அடைத்துவிட வேண்டும். ஹோஸை மாட்டுவது தடித்த குழாயில் இருக்கும் லோ (அழுத்தம் குறைந்த) பக்கத்தில் மட்டும்தான். ஹை பக்கத்தில் மாட்டினால் கேனே வெடிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிற பொருள், தோலில் பட்டால் உறைந்து புண்ணாகிவிடும். கேனைக் கவிழ்க்கவும் கூடாது. திரவமாக இறங்கினால் கேஸை அழுத்துகிற கம்ப்ரசர் போச்சு.

மீட்டரில் 'அளவு சரி' என்று காட்டும் பச்சைப் பட்டையை நம்பாதீர்கள். நம்மூர் 38 டிகிரி வெயிலில் லோ பக்க அழுத்தம் தானாகவே ஏறித்தான் நிற்கும். என் கார் பானட் ஸ்டிக்கரில் போட்டிருந்த மொத்த கேஸ் அளவே 380 கிராம். கேனைச் சமையலறைத் தராசில் நிறுத்தி, 30 கிராம் 30 கிராமாக விட்டேன். உள்ளே மிச்சம் எவ்வளவு என்பது தராசுக்குத் தெரியாதே, அதனால் குளிர் கூடுவது நின்றதும் நானும் நிறுத்திவிட்டேன். 110 கிராம் போயிருந்தது. 17 டிகிரியில் வந்த காற்று 9க்கு இறங்கியது.

அடுத்த பங்குனியில் மறுபடி சூடு. இரண்டாம் முறை ஏற்றியது ஆடியைக்கூடத் தாண்டவில்லை. தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். "கேஸ் என்ன பெட்ரோலா தம்பி, ஓட ஓடத் தீர்றதுக்கு? எங்கயோ ஓட்டை இருக்கு, அதப் பாரு" என்றார்.

கேஸின் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சரின் கீழ் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புத் தண்ணீர் தடவியதும் குமிழி வந்தது. வேதாரண்யம், நாகப்பட்டினம் என்று அடிக்கடி போகிற வண்டி, உப்புக் காற்று அரித்திருக்கலாம். எனக்கு மனம் உறுத்தியது வேறு. இந்த கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் நூறாண்டுக் கணக்கில் ஒரு டன்னுக்கும் மேலான கரியமில வாயுவுக்குச் சமம். மழையை நம்பி வயல் வைத்திருக்கிற நான் இரண்டு வருடம் அதைத்தான் ஊதிவிட்டிருக்கிறேன்.

கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சுகிற டிரையர் இரண்டையும் மாற்றி, வேக்கம் போட்டு உள்ளிருந்த காற்றை இழுத்தெடுத்து, 380 கிராமை நிறுத்து ஏற்றினார்கள். 7,400 ரூபாய் ஆனது. இந்தக் கோடை முழுக்கக் குளிர் குறையவில்லை. நான் செய்வது ஒன்றுதான்: ரோட்டில் நெல் காயப்போடுகிற நாட்களில் பதரும் தூசியும் கண்டென்சரில் அப்பிக்கொள்ளும். சம்பா அறுவடை முடிந்ததும், தகடு மடங்காமல் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுகிறேன்.