கணுக்கால் சுளுக்கு: ஐஸா, வெந்நீரா, நீவி விடுவதா?

ஷட்டில் ஆடும்போது கூட ஆடியவர் ஷூ மேல் காலை வைத்துவிட்டேன். பாதம் உள்பக்கமாக மடங்கி, அரை மணி நேரத்தில் வெளிப்பக்கக் கணு கோழிமுட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. உடனே ஆளுக்கொரு வைத்தியம்: அம்மா வெந்நீர் ஒத்தடம் என்றார், நண்பன் ஐஸ் என்றான், பெரியப்பா சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போக வண்டியையே வெளியே எடுத்துவிட்டார்.

முதல் இரண்டு மூன்று நாளுக்கு என் ஓட்டு ஐஸுக்குத்தான். துணியில் சுற்றி 10-15 நிமிடம் வைத்தால் வலி மரத்துப்போகும், அவ்வளவுதான், அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 1978இல் ஓய்வு, ஐஸ், இறுக்கமான கட்டு, காலைத் தூக்கி வைப்பது என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்து 'ரைஸ்' (RICE) என்று பெயர் வைத்த டாக்டர் கேப் மிர்கினே பிற்பாடு, ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். புதுக் காயத்தில் சூடு வைத்தால் ரத்த ஓட்டம் கூடி வீக்கமும் கூடும். வீக்கம் வடிந்தபின் விறைப்பு மட்டும் மிச்சமிருந்தால் அம்மாவின் வெந்நீர் சரிதான்.

நீவி விடுவது? ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம். 'நரம்பு பிசகிடுச்சு' என்கிறோம், ஆனால் அடிபட்டது நரம்பு இல்லை, எலும்போடு எலும்பை இழுத்துப் பிடிக்கும் நார். அது கிழிந்திருக்கும்போது எண்ணெய் போட்டு இழுத்தால் இன்னும் கிழியும். எலும்பே முறிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அடிபட்டவுடனும் சரி, பிறகும் சரி, நான்கு எட்டு வைக்க முடியவில்லை, அல்லது கணு எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ தொட்டால் உயிர் போகிறது என்றால் நேராக எக்ஸ்ரேவுக்குப் போங்கள்.

ஆனால் உண்மையான போட்டி இதெல்லாம் இல்லை, படுத்துக்கிடப்பதா நடப்பதா என்பதுதான். நான் மூன்று வாரம் கிரேப் பேண்டேஜோடு கட்டிலிலேயே கிடந்தேன், வலி போனதும் ஆடப் போனேன், இரண்டே மாதத்தில் அதே கால் மறுபடி மடங்கியது. நார் ஆறினால் மட்டும் போதாது, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூட்டு உணரும் திறனும் திரும்பி வர வேண்டும். படுத்திருந்தால் அது வராது. இரண்டாவது தடவை பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி மூன்றாம் நாளே வலி பொறுக்கும் அளவுக்குக் காலை ஊன்றினேன், கால் கட்டைவிரலால் காற்றில் அ, ஆ எழுதினேன், அப்புறம் சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது. நல்ல காலில் 30 விநாடி அசையாமல் நின்றவன், அடிபட்ட காலில் ஐந்தாவது விநாடியே வாஷ்பேசினைப் பிடித்தேன். சிரிப்பாக இருந்தாலும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கிரேப் பேண்டேஜைவிட ஆங்கிள் பிரேஸ் (கணுக்கால் மடங்காமல் தாங்கிப் பிடிக்கும் உறை) மேல், பேண்டேஜ் நடக்க நடக்கத் தளர்ந்துவிடும். அடிபட்ட காலில் மட்டும் நொண்டியடித்து, நல்ல கால் அளவுக்கே வலியில்லாமல் குதிக்க முடிந்த பிறகுதான் கோர்ட்டுக்குத் திரும்பினேன். இப்போதும் பிரேஸ் மாட்டாமல் ஆடுவதில்லை.